தாய்மண் திரும்பிய முடிசூட்டுக் கல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய 'விதியின் கல்' 2024 மார்ச் முதல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகர அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பது, தன் வரலாற்றைப் போற்றும் எவருக்கும் உவகை தரும் செய்தி. சுமார் 152 கிலோ எடையுள்ள இம்மணற்கல் வெட்டியெடுக்கப்பட்டதாகப் புவியியலாளர்கள் கருதும் ஸ்கோன் வட்டாரம் பெர்த்துக்கு மிக அருகிலேயே உள்ளது.

1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இதனைக் கவர்ந்து சென்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் சேர்த்தார். 1950 கிறிஸ்துமஸ் நாளன்று ஸ்காட்டிஷ் மாணவர்கள் நால்வர் அதை அங்கிருந்து எடுத்துச் சென்றதும், சில மாதங்களுக்குப் பின் அது ஆர்ப்ரோத் மடத்தின் இடிபாடுகளில் வைக்கப்பட்டதும், அவர்கள்மீது வழக்கே தொடரப்படாததும், அக்கல்லின்மீது மக்கள் கொண்டிருந்த பற்றின் ஆழத்தைக் காட்டுகின்றன. அந்த இடத்தேர்வு என்னை மிகவும் நெகிழச் செய்கிறது; ஸ்காட்லாந்தின் விடுதலையை வலியுறுத்திப் போப்பாண்டவருக்கு 1320இல் அனுப்பப்பட்ட சாசனம் அம்மடத்தின் பெயராலேயே அறியப்படுகிறது.

ஆர்ப்ரோத்திலிருந்து மீண்டும் வெஸ்ட்மின்ஸ்டருக்கே கொண்டுசெல்லப்பட்டு, 1996இல் முறைப்படி ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய கல், எடின்பரோ கோட்டையில் கட்டணம் செலுத்தியோர் மட்டுமே காணுமாறு இருந்தது. பெர்த்தில் அதை இலவசமாகக் காணலாம். இந்த ஏற்பாடு என்றும் தொடர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்