விளையாட்டுப் புத்தி என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 14 வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கிறேன். சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளுக்குச் சென்ற மாதம் தொழில் வழிகாட்டல் கூட்டம் நடந்தது. என்னவாக விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது என் மாணவன் ஒருவன் எழுந்து, "கேமில் வரும் எதிரிக்கு எப்படி மூளை வைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யவேண்டும்" என்றான். மண்டபமே சிரித்தது. வந்திருந்த வளவாளரும், "விளையாட்டுப் புத்தியை விட்டுவிட்டு, சம்பளம் கிடைக்கிற வேலையைச் சொல்" என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. சில வாரங்களுக்கு முன் இதே பிள்ளைதான், "டீச்சர், நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்தாலும் எதிரி சுற்றி வந்து பிடித்துவிடுகிறானே, எப்படி?" என்று கேட்டான். கரும்பலகையில் லயம், ஆறு, பெரட்டுக்களம், பாடசாலை எல்லாம் வரைந்து காட்டினேன். இதுவரை நடந்த தூரத்தோடு இனி நடக்க வேண்டிய தூரத்தையும் நேர்கோட்டில் அளந்து உத்தேசமாகக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். ஏ ஸ்டார் என்ற இந்த முறையை 1968இல் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஒரு ரோபோ நகர்வதற்காக உருவாக்கினார்கள். அப்புறம்தான் அது கேம்களுக்கு வந்தது. அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "நம்ம மலையில் நேர்த்தூரம் ஏமாத்திடுமே டீச்சர், ஏத்தத்துக்கு வேற கணக்கு வேணும்" என்றான். ஆராய்ச்சியாளர் கேட்கிற கேள்வி இது.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர் டெமிஸ் ஹசாபிஸ் பதின்ம வயதில் கணினி விளையாட்டு உருவாக்கியவர். 2009இல் கலாநிதிப் பட்டம் பெற்றார், 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சரி, எல்லோரும் ஹசாபிஸ் ஆக வேண்டியதில்லை. மால்டா பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் விளையாட்டுகளுக்கென்றே ஒரு நிறுவகம் இருக்கிறது. நெதர்லாந்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்களில் பலர் பல்கலைக்கழக ஊழியர்களாகவே மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அங்கே மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில், உலகெங்கும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய விளையாட்டுகளின் விதிகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதி ஆராய்ந்திருக்கிறார்கள். என் தாத்தா இஸ்தோப்பில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டத்தைப் போன்றவைதான் அங்கே ஆய்வுப்பொருள்.

இதற்கு வழி நம் மலையிலேயே தொடங்குகிறது. பேராதனையில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா மாவட்டத்துக்கென ஒதுக்கீடும் உண்டு. ஆனால் அதற்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம் வேண்டும். எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே இல்லை. ஹட்டனுக்குத்தான் போக வேண்டும். பஸ் காசையும் விடியற்காலை இருட்டையும் நினைத்தே பெற்றோர் பின்வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் வழிகாட்ட வந்தவரே சிரித்தால், பிள்ளை யாரிடம் போவான்? தெரியாத துறை என்றால் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து பறிக்கும் அவனுடைய அம்மா வீட்டுக்கே வந்து, "டீச்சர், அவன் சொல்றதைப் படிச்சா உண்மையிலேயே வேலை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவர் எப்படி முடிவெடுப்பார்? மகன் அடுத்த மாதம் பாடப்பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும். அதற்கு முன், கணினித் துறையில் ஆய்வு செய்யும் மலையகத்துப் பட்டதாரிகள் யாரையாவது தாங்கள் வந்த பாதையை உங்கள் மாணவர் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி அந்த அம்மாவின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை