சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மார்கழி முதல் வாரத்தோடு மழை விட்டது. சிவப்பி கன்று போட்டது, கிடேரி. தைக்கு வந்து மக்காச்சோளம் அடிக்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். வா. எத்தனை நாள் லீவு என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கமாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன். மருமகளும் குழந்தையும் வருகிறார்களா என்று மட்டும் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமாம், பாய் வெயிலில் போட.

எனக்குக் கண் ஆபரேஷன் தை 8. ஒரு மாதம் தூசிப் பக்கம் போகக் கூடாதாம். ஆகையால் மிஷின் உன் பொறுப்பு. டிராக்டர் ஓட்ட உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்தாவது படிக்கும்போதே என்னைவிட நேராகச் சால் பிடித்தவன் நீ. மிஷின் பக்கத்தில்தான் நான் உன்னை விட்டதே இல்லை. போனில் சொல்லலாம், நீ எடுத்தால். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது டிராக்டர் பின்னாலிருந்து மிஷினைச் சுற்றவைக்கிற தண்டு, சுற்றும்போது அதை யாரும் தாண்டக் கூடாது. குனியக் கூடாது, அதற்கு மேலாகக் கை நீட்டக் கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கருது ஒடிக்க அவசரப்படாதே. காட்டில் நாலு இடத்தில் ஒவ்வொரு கருதை உடைத்து, மணியைப் பிடுங்கி அடிமுனையைப் பார். கருப்புப் பொட்டு வந்திருந்தால் மணி முற்றிவிட்டது என்று அர்த்தம், காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் உள்ளே 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். இன்னும் பத்துப் பதினைந்து நாள் தட்டையிலேயே நிற்கட்டும். தோல் வைக்கோல் நிறத்துக்கு வந்து, மணியில் நகம் பதியாமல் இருந்தால் ஒடிக்கலாம். பன்றி வருகிறது, கிளி வருகிறது என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். பச்சையாக ஒடித்தால் பன்றி தின்றதைவிட மிஷின் நொறுக்குவது அதிகம்.

ஒடித்த கருதைக் களத்தில் முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காதே. மூன்று நான்கு நாள் வெயில், தினம் ஒரு தடவை புரட்ட வேண்டும். நம் மிஷின் தோலோடு போட்டு அடிப்பது. தோல் ஈரமாக இருந்தால் உருளையில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும், அரை நாள் அதை அறுத்து எடுப்பதிலேயே போய்விடும். புரட்டும்போதே பூஞ்சைக் கருதைப் பொறுக்கிவிடச் சொல். 2018-ல் படைப்புழு இந்தப் பக்கம் வந்ததிலிருந்து நுனி ஓட்டை விழுந்த கருது ஏராளம், அந்த ஓட்டையில் பூஞ்சை இறங்கிவிடுகிறது. பச்சைப் பொடி பூத்த கருது ஒரு கூடை உள்ளே போனால் மொத்தக் குவியலுக்கும் பூசிவிடும். சோளம் போவது நாமக்கல் கோழித் தீவனத்துக்கு. அந்தப் பூஞ்சையின் விஷம், அஃப்ளடாக்சின், கோழிக்கு ஆகாது, வியாபாரி கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்.

மிஷினை நிறுத்துகிற இடம். தையில் காற்று வாடையிலிருந்து வரும். டிராக்டர் வடகிழக்கில், தோல் பறக்கிற வாய் தென்மேற்கில். மாறி நிறுத்தினால் தோல் முழுக்க ரேடியேட்டரில் அப்பி இன்ஜின் கொதிக்கும். சைலன்சர் பக்கத்தில் காய்ந்த தோல் சேரவே கூடாது, ஒரு பொறி போதும். ஒரு டிரம் தண்ணீரும் இரண்டு சாக்கு மணலும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மிஷின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார். சாய்ந்து நின்றால் சல்லடையின் ஒரு ஓரத்தில் மட்டும் மணி ஓடி, பாதி மணி தோலோடு வெளியே போகும்.

ஷாஃப்ட் மாட்டும்போது இரண்டு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். ஒன்று படுக்கையாகவும் ஒன்று செங்குத்தாகவும் மாட்டிவிட்டால் உதறல் எடுத்து, கவைகளை இணைக்கிற கிராஸ் போய்விடும். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற குழாய் ஒரு சாணாவது உள்ளே இருக்கட்டும். டிராக்டரும் மிஷினும் ஒரே கோட்டில் நிற்கட்டும். கிராஸுக்குக் காலையிலும் மத்தியானமும் கிரீஸ், உருளை பேரிங்குக்குக் காலையில் மட்டும். கிரீஸ் அடிக்கும்போது இன்ஜின் அணைந்து, சாவி உன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். டிராக்டரிலேயே விட்டுவிட்டு வராதே, உன் பையில்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். பிறகு பெரிய சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார். போன வருஷம் உள்ளே ஒரு அரிவாள் கிடந்தது. வெறும் மிஷினை மெதுவாகக் கிளப்பி, மீட்டரில் பி.டி.ஓ. 540 சுற்று என்கிற கோட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிஷம் சத்தம் கேள். அதன் பிறகு கருது போடலாம். கருது போட்டுக்கொண்டே ஆக்சிலேட்டர் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும்.

முதல் கூடை போனதும் மிஷினைப் பார்க்காதே, மணி உதிர்ந்து வருகிற சக்கையைப் பார். முழுசாகவோ இரண்டாக உடைந்தோ, மணி ஒட்டாமல் வந்தால் இடைவெளி சரி. சக்கை பொடிப்பொடியாகி வந்தால் உருளைக்கும் சல்லடைக்கும் இடைவெளி குறைவு, இல்லை கருது ஈரம். சக்கையில் மணி ஒட்டி வந்தால் இடைவெளி அதிகம், இல்லை சுற்று குறைவு. இரண்டு பக்கத்துப் போல்ட்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், ஒரு தடவைக்கு அரைத் திருப்பு. ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டு மணி உடைகிறதே என்று மிஷினைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு ஒரு பலகை இருக்கிறது. மணியோடு தோல் வந்தால் திற, தோலோடு மணி பறந்தால் மூடு. பறக்கிறதா என்று தெரிய, தோல் விழுகிற இடத்தில் ஒரு தார்ப்பாய் விரித்துப் பத்து நிமிஷம் கழித்து உதறிப் பார்.

கருது போடுகிற தொட்டி மூன்றடி நீளம், அதில் ஒன்றரை அடி மூடியிருக்கும். அந்த மூடியை எடுத்தால் வேலை வேகமாகும் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கவிடாதே. அடைத்துக்கொண்டால் கையும் விடாதே, குச்சியும் விடாதே. முழுக்க நிறுத்து. நம் 1035 டிராக்டரில் கிளட்ச்சைப் பாதி அழுத்தினால் வண்டிதான் நிற்கும், ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக அழுத்தினால்தான் அது நிற்கும், அதையும் நம்பாதே. பி.டி.ஓ. லீவரைத் தள்ளி, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போடு. உருளை கனத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். அது நிற்கிற வரை ஒரு பீடி நேரம் காத்திரு (நீ பீடி குடிக்கமாட்டாய் என்று தெரியும்).

சக்கரத்தில் ஒரு சின்னப் போல்ட் அடிக்கடி உடையும். உடைவதற்குத்தான் அது. கெட்டிப் போல்ட் போட்டால் உள்ளே இருக்கிற பெரிய சாமான் உடையும். டப்பாவில் 10 வைத்திருக்கிறேன்.

மணிக்கு 15 மூட்டை அடிக்கும். நாலு ஏக்கருக்கு 100 மூட்டை வந்தால், நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் இரண்டு நாள். ராத்திரியில் ஓட்டாதே. அடித்ததைத் தார் ரோட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தடவை காலால் கிளறச் சொல். ஈரம் பார்க்கக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் வறுத்து ஆறவைத்த பொடி உப்பு இரண்டு கரண்டி, அதன்மேல் கால் பாட்டில் மணி போட்டு நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வை. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம். வியாபாரி கேட்பது 14. 20-ல் இருக்கிற நூறு கிலோ 14-க்குக் காய்ந்தால் 93 கிலோ. அந்த ஏழு கிலோவுக்கு ஆசைப்பட்டு ஈரமாகக் கொடுத்தால் அவர் பத்துக் கிலோ கழிப்பார்.

ஆட்களுக்குச் சொல். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிச் சடையைக் கொண்டை போட வேண்டும். ஆண்கள் தோளில் துண்டு கூடாது. முழுக்கைச் சட்டை கூடாது. நீயும் ஆபீஸ் சட்டையோடு வந்து நிற்காதே. ஷாஃப்ட் பக்கம் யாரும் போகக் கூடாது. எழுதிவிட்டேனோ, எழுதியிருந்தாலும் பரவாயில்லை. 540 என்றால் நிமிஷத்துக்கு, அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்று. துணி மாட்டியது தெரிவதற்குள் முடிந்துவிடும்.

ஐப்பசியில் ஒரு வீடியோ அனுப்பினாய். அமெரிக்காவில் ஒரு பெரியவர் சோளக்காட்டில் பழைய ஆரஞ்சு நிற ஆலிஸ்-சால்மர்ஸ் அறுவடை மிஷினை டிராக்டர் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார். நீ கடைசியாக அனுப்பியது அதுதான், கூட ஒரு வார்த்தை இல்லை. அதுவும் பி.டி.ஓ.வில் சுற்றுவதுதான். நம்முடையது களத்தில் நிற்கும், அது காட்டில் நடக்கும், மற்றபடி உருளை, சல்லடை, காற்று எல்லாம் ஒரே சாதி. இருபது தடவை பார்த்திருப்பேன். அந்தப் பெரியவர் ஷாஃப்டுக்கு மேல் தகர மூடி போட்டிருக்கிறார், பார்த்தாயா?

நம் மிஷினுக்கும் வரும்போது மூடி இருந்தது. நான்தான் கழற்றினேன். கிரீஸ் அடிக்க ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட் கழற்ற வேண்டியிருந்தது, அலுப்பு. கொட்டகையில் சாத்தி வைத்தேன், உன் அம்மா கோழிக்குஞ்சு மூட எடுத்துக்கொண்டாள். சித்தப்பா கை போன அன்றைக்கும் அது கோழிக்குஞ்சின் மேல்தான் கிடந்தது. அவன் சாக்கு எடுக்க ஷாஃப்டுக்கு மேலாகக் கை நீட்டினான். சட்டைக் கை போல்ட் தலையில் மாட்டியது. குடித்திருந்தான் என்று ஊர் சொன்னது. நானும் ஆமாம் என்றேன். பதினெட்டு வருஷமாக ஆமாம் என்றே இருந்துவிட்டேன். அன்றைக்கு அவன் குடிக்கவில்லை, தம்பி. டீ கூடக் குடிக்கவில்லை. இன்னும் இரண்டு மூட்டை அடித்துவிட்டுக் குடிக்கலாம் என்று சொன்னது நான். போன வருஷம் அவனே என்னிடம் கேட்கிறான், அன்றைக்கு நான் கொஞ்சம் போட்டிருந்தேனோ அண்ணா என்று. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டால் எத்தனை வருஷம் போகும் என்று எனக்குத் தெரியும். உன்னை எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

போன வாரம் பட்டறையில் புது மூடி அடித்து வாங்கினேன். 16 கேஜ் தகரம். கிரீஸ் நிப்பிளுக்கு நேராக இரண்டு ஓட்டை வைத்து, தள்ளித் திறக்கிற சின்ன மூடியும் போடச் சொன்னேன், இனிக் கழற்ற ஒரு சாக்கு இருக்கக் கூடாது. அதை மாட்டாமல் மிஷினைக் கிளப்பாதே. மூடி கொட்டகையில் இருக்கிறது, கொட்டகைச் சாவி சித்தப்பாவிடம். ஆபரேஷனுக்குப் போகுமுன் அவனிடம் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். சொல்லாமல் போய்விட்டேனா என்பது சாவி கேட்கும்போது அவன் முகத்தைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

மூடியை மாட்ட அவனையும் கூப்பிடு. எட்டுப் போல்ட், 13-ம் நம்பர் ஸ்பேனர். இடது கையிலேயே என்னைவிட வேகமாக முடுக்குவான்.

இப்படிக்கு,
அப்பா