அமெரிக்காவின் டக்கோமாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே அக்டோபரில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. நம் ஊர் மழைபோலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும்.

போனில் ஐந்து நிமிடத்தில் "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இங்கே எவ்வளவு வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை, தாத்தா என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டேன். 93 வயது. கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 187ஆவது பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர். 1951 மார்ச் 23 அன்று சியோலுக்கு வடக்கே முன்சானில் விமானத்திலிருந்து குதித்தபோது அவருக்கு 19 வயது.

நான் இந்தியா என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் நாட்டு டாக்டர்கள் எங்களோடு குதித்தார்களே, தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை அப்பா. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் அன்று குதித்தவர்கள் நம் ராணுவத்தின் மருத்துவப் பிரிவான 60 பாரா பீல்டு ஆம்புலன்ஸ்காரர்கள். ஆக்ராவில் நீங்கள் இருந்த அதே யூனிட்! அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநாள் தாத்தாவிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அவருக்கு உயிர் ஸ்கொயர் டான்ஸ். நாலு ஜோடி, சதுரத்தின் நாலு பக்கமும் நிற்பார்கள். மைக்கில் ஒருவர் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பாட்டோடு பாட்டாகச் சொல்லிக்கொண்டே போவார். அடுத்து என்ன வரும் என்று ஆடுபவர்களுக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு ஆட வேண்டும். ஒரு கட்டத்தில் வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து எல்லோரையும் கடந்துபோய்த் தன் ஜோடியைப் பிடிப்பார்கள். கயிறில்லாத பின்னல் கோலாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாஷிங்டன் மாநிலம் 1979இல் இதைத் தன் அதிகாரபூர்வ நடனமாகவே அறிவித்திருக்கிறது. ஜப்பானில் ஆடினாலும் ஜெர்மனியில் ஆடினாலும் ஆங்கிலத்தில்தான் சொல்வார்களாம்.

போர் முடிந்து திரும்பியவர் ஆள் கூட்டத்துக்கே போக மாட்டாராம். முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்தால் தூக்கிவாரிப் போடுமாம். பாட்டிதான் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்கு ஆட இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். "முதல் நாள் நடுங்கினேன். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கை நீண்டிருந்தது. அந்தக் கையில் எதுவும் இல்லை, எனக்காக மட்டும் நீண்டிருந்தது" என்றார். அப்புறம் அறுபது வருஷம் இரண்டு பேரும் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட விடவில்லையாம். பாட்டி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் பாவாடையை விரித்துக் காட்ட உள்ளே போடும் அடுக்கு வலைத்துணி இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். கிளம்பும்போது சட்டையின் பிரஸ் பட்டன்களை விரல் நடுங்க நடுங்க ஒவ்வொன்றாக அழுத்துவார். டக், டக் என்று எட்டு சத்தம். நான் உதவப் போனால் விட மாட்டார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு ஆட முடியாது, நாற்காலிதான். ஆனால் மைக்கில் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் உதடு அசைந்துவிடும். கடைசி ஆட்டத்தில் எல்லோரும் பெரிய வட்டமாகி அவர் நாற்காலியைக் கடந்து போவார்கள். வலது கை, இடது கை என்று அவரும் மாற்றி மாற்றி நீட்டுவார். ஒருவர்கூட அந்தக் கையைத் தொடாமல் போவதில்லை. போன வாரம் நானும் அந்த வரிசையில் போனேன் அப்பா.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். யூனிட்டில் ரங்கராஜைப் பற்றிப் பழையவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்? தாத்தா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். நீங்கள் தமிழில் எழுதினால் போதும், நான் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் முதல் குதிப்பைப் பற்றியும் எழுதுங்கள். எனக்குக்கூட நீங்கள் அதைச் சொன்னதில்லை.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்