தூரக் கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டியதும் வான்வழித் தூரம், சாலைத் தூரம், பயண நேரம் எல்லாவற்றையும் நொடியில் எடுத்துக் கொடுக்கும் இணையதளங்களையும் செயலிகளையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வான்வழித் தூரத்தில் எனக்குக் குறை இல்லை. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டாலும், துருவங்களில் சற்றுத் தட்டையான வடிவமாக எடுத்துக்கொண்டாலும், வித்தியாசம் மிஞ்சிப்போனால் அரை சதவீதம். என் சண்டையெல்லாம் நேரத்தைப் பற்றித்தான்.

தூரத்தை 900-ஆல் வகுத்துவிட்டு, இதுதான் பயண நேரம் என்கிறீர்கள். 400 கி.மீ. தள்ளியுள்ள ஊருக்கு 27 நிமிடம் என்று வந்து விழுகிறது. மணிக்கு 900 கி.மீ. என்பது விமானம் உயரே போய்ச் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். 35,000 அடியிலிருந்து தரையிறங்க வேண்டுமானால் சுமார் 190 கி.மீ. முன்பே விமானி இறக்கத் தொடங்கிவிடுவார். ஏறுவதற்கும் கணிசமான தூரம் வேண்டும். 400-ல் மிச்சம் என்ன இருக்கிறது? குறுகிய பயணங்களில் அந்த உயரத்துக்கே போவதில்லை. போதாக்குறைக்கு, ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமடிக்க வேண்டும். விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது, ஓரிடத்தில் நகரத் தொடங்கி மறு இடத்தில் போய் நிற்கும்வரை ஆகும் மொத்த நேரம். அதனால்தான் அதே பயணத்துக்கு அங்கே ஒரு மணி நேரத்துக்குமேல் போட்டிருக்கிறது.

காற்றை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை. நியூயார்க்கிலிருந்து லண்டன் போக ஏறக்குறைய 7 மணி நேரம் என்றால், திரும்பி வர 8 மணி நேரம் ஆகிறது. மேற்கிலிருந்து வீசும் உயர்மட்டக் காற்றோட்டத்தின் வேலை அது. 2020 பிப்ரவரியில் புயல் தள்ளிவிட்டதில் ஒரு போயிங் 747 அதே லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. உங்களிடமோ போக்குக்கும் வரத்துக்கும் ஒரே எண்.

வழியும் எப்போதும் நேர்வழியாக இருப்பதில்லை. 2022-ல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரமாக நீண்டுவிட்டது. இரண்டு நகரமும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

சாலைக்கு வருவோம். சாலைத் தகவல் இல்லாத இடத்தில் வான்வழித் தூரத்தை 1.3-ஆல் பெருக்கிப் போடும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கிறது போலும். பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரத்துக்கு லிமாவிலிருந்து சாலையே கிடையாது. விமானத்தில் போகலாம், அல்லது ஆற்று வழியாகப் போகலாம். அங்கே எதைப் பெருக்கினாலும் வருவது பொய்தான். கின்ஷாசாவும் பிராசவில்லும் காங்கோ ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே உள்ள தலைநகரங்கள். சில கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே பாலம் இல்லை. படகில்தான் கடக்க வேண்டும். போதாததற்கு, இரு கரையிலும் குடியேற்றச் சோதனை. அந்த நேரத்தை எந்தச் சராசரி வேகத்தால் வகுப்பீர்கள்?

நான் கேட்பது கொஞ்சம்தான். எது அளந்த எண், எது உத்தேசம் என்று பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தை ஊர் நடுவிலிருந்து அளந்தீர்களா, விமான நிலையத்திலிருந்தா என்றும் சொல்லுங்கள். நரிட்டா விமான நிலையம் டோக்கியோ நடுவிலிருந்து 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. சாலை இல்லையென்றால் ‘சாலை இல்லை’ என்றே எழுதுங்கள்.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், ‘7 மணி 13 நிமிடம்’ என்று காட்டுகிறீர்களே, அந்த 13-ஐயாவது இப்போதே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எண்களைப் பார்த்துப் பயணத் திட்டம் போடும் ஒருவர்