வெள்ளத்தில் அழிந்த நிறுவன ஆவணங்கள்: பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்துக்கும் சென்னை நிறுவனப் பதிவாளருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை கடந்தபோது தரைத்தள அலுவலகங்களின் அலமாரிகளில் இருந்த பதிவுச் சான்றிதழ்களும் பங்குச் சான்றிதழ்களும், பங்குதாரர்களின் விவரங்களைக் கொண்ட உறுப்பினர் பதிவேடுகளும் சேற்றோடு சேர்ந்து கூழாயின. இப்பகுதிச் சிறு நிறுவனங்களின் பதிவு வேலைகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பதிவுச் சான்றிதழ் தொலைந்தால் சட்டம் கைவிடுவதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 399ஆம் பிரிவின்படி, உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பதிவாளரிடம் சான்றளித்த நகலைப் பெறலாம். சட்ட நடவடிக்கைகளில் அந்த நகல் மூல ஆவணத்துக்கு நிகரான சாட்சியமும் ஆகும். ஆயினும், கடனைப் புதுப்பிக்கச் சென்ற ஒரு நிறுவனத்திடம் வங்கிக் கிளையொன்று, ஒரிஜினல் இல்லையேல் அது கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்று கொண்டுவருமாறு கேட்டது. கண்ணெதிரே கரைந்துபோன தாளைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று காவல்துறை எவ்வாறு எழுதித் தரும்? சான்றளித்த நகலே போதுமானது என்பதை வங்கிகளுக்கு எட்டும்படி ஒரு சுற்றறிக்கை வழியாகத் தெளிவுபடுத்துங்கள்.

இதைவிடக் கடினமானது உறுப்பினர் பதிவேட்டின் இழப்பு. அதை வைத்திருக்க வேண்டியது நிறுவனமே. பதிவாளரிடம் அதன் படி இருப்பதில்லை. பங்குதாரர் ஒருவர் மாற்றுப் பங்குச் சான்றிதழ் கோரி முழு ஆவணங்களையும் கொடுத்தால், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் 3 மாதத்துக்குள் அதை வழங்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் அவர் பங்குதாரர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பதிவேடே நிறுவனத்திடம் இல்லாதபோது இயக்குநர்கள் எதை நம்பிக் கையொப்பமிடுவார்கள்? தகப்பனார் காலத்தில் தொடங்கிய குடும்ப நிறுவனங்களில், காலமானவர்களின் பெயரிலேயே இன்னும் பங்குகள் இருக்கும் நிலையில், இந்த ஐயம் உடன்பிறந்தவர்களுக்கு இடையே வழக்காக முற்றுகிறது.

பதிவேட்டைத் திரும்ப எழுத நம்பகமான வழி, ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்த ரிட்டர்ன்களிலும் பங்கு ஒதுக்கீட்டுப் படிவங்களிலும் உள்ள பெயர்களைக் கோத்துப் பார்ப்பதுதான். 2006இல் அமைச்சகத்தின் இணையவழித் தாக்கல் முறையான எம்.சி.ஏ. 21 வந்த பிறகு தாக்கலானவை இணையத்தில் கிடைத்துவிடுகின்றன. அதற்கு முந்தைய காகிதக் கோப்புகளில்தான் சிக்கல். ஆகவே, பேரிடரால் பாதிக்கப்பட்ட நிறுவனம் விண்ணப்பித்தால், அதன் பழைய கோப்புகளில் எந்தெந்த ஆண்டினுடையவை இன்னும் இருக்கின்றன என்பதை எழுத்து வடிவில் தெரிவித்து, இருப்பவற்றை ஸ்கேன் செய்து சான்றளித்துத் தர வேண்டும். அதற்கான கட்டணத்தையும் தள்ளுபடி செய்ய வேண்டும். வட்டாட்சியரின் வெள்ளப் பாதிப்புச் சான்று, இயக்குநர் குழுவின் தீர்மானம், ஒரு பிரமாணப் பத்திரம் ஆகிய மூன்றையுமே இழப்புக்குப் போதிய ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதற்கான ஆணையை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்து நிறுவனச் செயலர் ஒருவர்