ஓய்வுபெற்ற குருக்களுக்காக: பங்குப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற சாமியார்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஆயர் இல்லம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. ஒரு பங்குக்குப் பொறுப்பான குருவாகிய பங்குத்தந்தை 75 வயது முடிந்ததும் பணிவிலகல் கடிதம் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார், அவருக்குத் தங்குமிடமும் தகுந்த பராமரிப்பும் தருவது ஆயரின் பொறுப்பு என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 538ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் குருக்கள் கண்ணியமாக வாழ வேண்டியதைக் கொடுக்கும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்கிறது 222ஆம் பிரிவு. அது நம்மைத்தான் சொல்கிறது.

துறவற சபைக் குருவுக்கும், நேரடியாக ஆயரின் கீழ் பணியாற்றும் மறைமாவட்டக் குருவுக்கும் உள்ள வேறுபாடு நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. சேசு சபையிலோ சலேசிய சபையிலோ இருப்பவருக்கு முதுமையிலும் சபைக் குழுமமே வீடு. மறைமாவட்டக் குரு அப்படியல்ல. பெரும்பாலும் தனியாக ஒரு பங்கு இல்லத்தில் இருப்பார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். ஓர் ஊரில் வேர்விடுவதற்குள் அடுத்த ஊர். அவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்த பிள்ளைகளும் நடத்திவைத்த திருமணங்களும் பல பங்குகளில் சிதறிக் கிடக்க, ஓய்வு வரும்போது எந்த ஊரும் அவருடைய ஊராக இருப்பதில்லை.

ஓய்வு இல்லத்தில் கட்டிலும் சாப்பாடும் கிடைக்கும். மருத்துவமனையில் சேர்த்தால்தான் சிக்கல். "கூட யார் இருக்கா?" என்று முதலில் கேட்பார்கள். மனைவி மக்கள் கிடையாது, அண்ணன் தம்பிகளுக்கும் அதே வயதுதான். இரவில் பக்கத்தில் இருக்கவும் சீட்டோடு மருந்து வாங்க ஓடவும் ஆள் வேண்டும். அவர் பணியாற்றிய பங்குகளின் இளையோர் முறைவைத்து இதைச் செய்ய முடியும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் எப்படியும் நோயாளிகளைச் சந்திக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பழைய பங்குத்தந்தையின் பெயரும் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையும் போங்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம் பணம். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பந்தலுக்கும் மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் எவ்வளவு செலவிடுகிறோம் என்பது பேரவைக்குத் தெரியும். அதில் ஒரு பகுதியைக் குருக்களின் பராமரிப்புக்கான மறைமாவட்ட நிதிக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் அதற்கென ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1274ஆம் பிரிவு கேட்கிறது. கூடுதலாக வரும் பூசைக் கருத்துகளை (காணிக்கை கொடுத்து, ஒரு வேண்டுதலுக்காகத் திருப்பலி கேட்பதை)ப் பங்குத்தந்தை வழியாக ஓய்வு இல்லக் குருக்களுக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. காணிக்கையோடு, திருப்பலி நிறைவேற்ற ஒரு காரணத்தையும் அவர்களுக்குக் கொடுத்ததாக இருக்கும்.

உடல் இடம் கொடுப்பவர்களைத் தவக்காலத்தில் வண்டி அனுப்பி அழைத்து வாருங்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு நாற்காலி போதும். வரிசையில் நிற்கும் நமக்கும் அது உதவி.

ஆகஸ்ட் 4, பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் திருநாளில் இப்போதைய பங்குத்தந்தைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதற்கு முந்தைய பேரவைக் கூட்டத்தில் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்து வையுங்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்த இல்லத்தில் இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து தேவைப்படுகிறது என்று விசாரியுங்கள். யார் எப்போது போய்ப் பார்ப்பது என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்து எழுதிவிடுங்கள்.

இறை அன்பில்,
ஒரு பங்கு விசுவாசி