டன் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலில் மீன் குறைந்தால் மீனவர்களுக்கு நிவாரணம் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று பலர் பேசுகிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்ததை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நூற்றாண்டுக் கணக்கில் காட் (cod) என்ற மீனை நம்பியே இருந்த ஊர்கள் அவை. 1992 ஜூலை 2 அன்று மத்திய மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அதைப் பிடிக்கத் தடை போட்டார். இரண்டு வருடம்தான் என்றார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது, படகில் போனவர்களுக்கு மட்டுமல்ல, கரையில் மீன் ஆலையில் நின்று மீன் அறுத்த பெண்களுக்கும் சேர்த்துத்தான். நிவாரணப் பணம் வந்தது, வேறு தொழில் பழகப் பயிற்சி வகுப்பு வந்தது, மீன் வரவில்லை. இளவயதினர் வேறு மாகாணங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். பத்து வருடத்தில் அந்த மாகாணத்து மக்கள்தொகையே பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

எனக்குத் தாங்காதது என்னவென்றால், கரையோரம் சின்னப் படகில் தொழில் செய்தவர்கள் 1980களிலேயே இதைச் சொன்னார்கள். மீன்பாடு குறைகிறது, வலையில் ஏறுவதும் பொடிமீனாக இருக்கிறது என்று. அது எடுபடவில்லை, ஏனென்றால் ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்களுக்கு நல்ல மீன்பாடு கிடைத்துக்கொண்டிருந்தது, கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்ற மதிப்பீட்டில் அந்தக் கணக்குக்குத்தான் எடை அதிகம். காட் கூட்டமாகச் சேர்கிற மீன். எண்ணிக்கை குறைந்தபோதும் மிச்சமிருந்தவை ஒன்றாக நெருங்கி நின்றன, கப்பலில் இருந்த ஒலிக்கருவி அந்தக் கூட்டம் நிற்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்தது, இழுவை வலை நிரம்பியது. கடலே காலியாகிக்கொண்டிருந்தபோது கப்பல் தளத்தில் மீன் குவிந்து கிடந்தது.

சரி, தடையை எப்போது எடுத்தார்கள்? 2024இல், 32 வருடம் கழித்து. இடையில் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்க விட்டார்கள், அவ்வளவுதான். எடுத்தபோதும் அனுமதித்தது 18,000 டன். 1968இல் ஒரே வருடத்தில் சுமார் 8 லட்சம் டன் வாரிய கடல் அது. 25 வயதில் படகைக் கரையேற்றியவருக்கு அப்போது 57 வயது.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். துறைமுகத்தில் எத்தனை டன் மீன் இறங்கியது என்று செய்தி போடும்போது, அந்த மீன் என்ன அளவில் வருகிறது, முன்பு கரைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது இப்போது எவ்வளவு தூரம் போனால் கிடைக்கிறது என்பதையும் சின்னப் படகுக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்